ஊதா மூடிக் குழாயில் காணாமல்போன தட்டணுக்கள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அடுத்துள்ள ஒரு கிராமத்திலிருந்து 46 வயது வாசகி ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். சிறிய தென்னந்தோப்பும் இரண்டு கறவை மாடுகளும் உள்ள குடும்பம். வீட்டில் தமிழ், அலுவலகங்களில் மலையாளம், பெரிய வைத்தியத்துக்குக் கோவை அல்லது பொள்ளாச்சி என்று எல்லைக்கு இருபுறமும் கால் வைத்து வாழ்கிறவர்கள்.

அவருக்குப் பித்தப்பையில் கல். இரண்டு முறை வலி வந்து இரவெல்லாம் துடித்திருக்கிறார். அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்று முடிவாகி, முன்பரிசோதனைக்காக ஊரிலுள்ள ரத்த சேகரிப்பு மையத்தில் காலை ஏழு மணிக்கு ரத்தம் கொடுத்தார். அது மற்ற ஊர்களின் ரத்தத்தோடு சேர்ந்து பிற்பகலில்தான் நகரத்து ஆய்வகத்தை அடைந்தது. ரத்தக்கசிவை அடைக்கும் தட்டணு (பிளேட்லெட்) 54,000. "கவுண்ட் குறவாணு" என்று அங்கிருந்தவர் சொன்னபோது அடிவயிறு கலங்கியது என்கிறார். பொள்ளாச்சியில் எடுத்துப் பார்த்தார்: 88,000. இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஊர் மையத்தில்: 41,000. அதே தாளில் வெள்ளணு 14,200, பொட்டாசியம் 6.3, கால்சியம் 7.1. வெள்ளணுவுக்காக ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். பொட்டாசியத்துக்காகக் கணவர் இளநீரை நிறுத்தினார். கால்சியம் மாத்திரை இரட்டிப்பானது. நாத்தனார் பப்பாளி இலைச் சாறு அரைத்துத் தந்தார். ஒரு மருத்துவர், உடலே தட்டணுக்களை அழிக்கும் நோயாக இருக்கலாம் என்று ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தார். மாத்திரை அலமாரியில் இருக்கிறது, இன்னும் தொடவில்லை.

கடைசியில் கோவை மருத்துவமனை ஒன்றில், வழக்கமான ஊதா மூடிக் குழாயோடு நீல மூடிக் குழாயிலும் ரத்தம் எடுத்தார்கள். இயந்திரத்திலிருந்து வந்த துண்டுச் சீட்டில் 1,92,000 என்று இருந்தது. கையில் கொடுத்த அறிக்கையிலோ 2,11,000! பொட்டாசியம், கால்சியம் இரண்டும் அங்கே இயல்பாக இருந்தன. "உங்களுக்கு ஒன்றுமில்லை, ஊதாக் குழாயில் உள்ள மருந்து கால்சியத்தை எடுத்துவிடுவதால் அணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன" என்று மருத்துவர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும், உயிர்வேதியியல் படிக்கும் மகன் கொதித்துவிட்டான். அவன் சொன்னதை வாசகி அப்படியே எழுதியிருக்கிறார்: "தட்டணு ஒட்டுவதற்கே கால்சியம் அயனி வேண்டும் என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. கால்சியத்தை எடுத்துவிட்டால் எப்படி ஒட்டும்? அறுவை சிகிச்சைக் காசுக்காக எண்ணிக்கையை ஏற்றி எழுதியிருக்கிறார்கள்."

யாரை நம்புவது என்பதே வாசகியின் கேள்வி.

சகோதரிக்கு,

முதலில் உங்கள் மகனுக்கு ஒரு சபாஷ். முப்பது ஆண்டுகளாக ரத்தவியல் பார்க்கிறேன். இந்த நிலையை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன், இதுவரை ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேள்வி சரியானது. அதிலிருந்து அவன் எடுத்த முடிவுதான் தவறானது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், கோவை மருத்துவர் சொன்னதுதான் சரியாகப் படுகிறது. அவர் இன்னும் இரண்டு நிமிடம் செலவழித்து விளக்கியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை வந்திருக்காது.

நீல மூடி ஏன் எண்ணிக்கையை ஏற்றவில்லை

ரத்தம் உறைவதற்குக் கால்சியம் தேவை என்பது 1890இல் பிரான்சில் ஆர்த்தூஸும் பாஷேயும் காட்டிய உண்மை. கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உப்பு ஒன்றைக் கலந்தால், குழாயில் ரத்தம் உறையாமல் நிற்கும். அதைப் பின்பற்றித்தான் 1914இல் சிட்ரேட் கலந்த ரத்தத்தை மனிதருக்கு ஏற்றத் தொடங்கினார்கள். இன்றைய ஆய்வகக் குழாய்களிலும் அதே தந்திரம்தான். ஊதா மூடியில் இடிடிஏ என்ற உப்பு, நீல மூடியில் சிட்ரேட். இரண்டும் கால்சியத்தைப் பிடிக்கும். இடிடிஏவின் பிடி உடும்புப் பிடி. சிட்ரேட்டின் பிடி தளர்ந்தது, கொஞ்சம் விட்டுவைக்கும்.

ஊதாக் குழாயில் மருந்து ஒரு பூச்சாகவே இருப்பதால் ரத்தத்தின் அளவு மாறாது. நீலக் குழாயில் அப்படியில்லை. சிட்ரேட் திரவமாக இருக்கும், ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு. மோரில் தண்ணீர் விட்டது போல ரத்தம் நீர்த்துவிடுகிறது. அதனால் இயந்திரம் காட்டும் எண்ணை 1.1ஆல் பெருக்கித்தான் உண்மையான எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். 1,92,000ஐ 1.1ஆல் பெருக்கிப் பாருங்கள்: 2,11,200. அறிக்கையில் 2,11,000. திருட்டு எழுத்து என்று நீங்கள் நினைத்தது உலகமெங்கும் ஆய்வகங்கள் செய்யும் திருத்தம். அதை அறிக்கையின் ஓரத்தில் ஒரு வரியாக எழுதாதது அவர்கள் பிழை.

இன்னொரு தடயமும் உங்கள் தாளிலேயே இருக்கிறது. ஆய்வக இயந்திரம் அணுக்களை முகம் பார்த்து எண்ணுவதில்லை, பெரும்பாலும் பருமனைப் பார்த்தே எண்ணுகிறது. தட்டணு மிகச் சிறியது, குறுக்களவு ஏறத்தாழ 2 முதல் 3 மைக்ரான். பத்து இருபது தட்டணுக்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டால் அவற்றை இயந்திரம் தட்டணு என்று சேர்க்காது. சில கொத்துகள் வெள்ளணுவின் பருமனில் இருப்பதால் அந்தக் கணக்கில் போய் விழும். காய்ச்சல் இல்லை, தொற்று இல்லை, வெள்ளணு மட்டும் 14,200 என்று எழுதியிருக்கிறீர்களே, கோவையில் நீலக் குழாயில் அதுவே 7,900 என்று வந்ததல்லவா? உங்களுக்கு ஆன்டிபயாட்டிக் வாங்கித் தந்தவை பெரும்பாலும் உங்கள் தட்டணுக் கொத்துகளே.

எண்ணிக்கை ஏறி இறங்கியதற்கும் நோய் முற்றியது காரணமாகத் தெரியவில்லை. குழாயில் ரத்தம் காத்திருக்கக் காத்திருக்க, சூடு ஆற ஆற, ஒட்டுதல் கூடிக்கொண்டே போகும். பொள்ளாச்சியில் எடுத்த இடத்திலேயே எண்ணினார்கள், 88,000. உங்கள் ஊரிலிருந்து மணிக்கணக்கில் பயணம் போன ரத்தம் 54,000 என்றும் 41,000 என்றும் காட்டியது.

மகனின் கேள்விக்கு வருகிறேன்

ஓய்வில் இருக்கும் தட்டணு ஒரு தட்டையான வட்டு. அதற்குள் தனித்துத் திரியும் கால்சியம் அயனி மிக மிகக் குறைவு, வெளியே ரத்த நீரில் இருப்பதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இந்த ஏற்றத்தாழ்வைத் தக்கவைக்கத் தட்டணு ஓயாமல் கால்சியத்தை வெளியே இறைத்துக்கொண்டும், உள்ளறை ஒன்றில் பூட்டிக்கொண்டும் இருக்கிறது. மதகு மூடிய அணை என்று வைத்துக்கொள்ளுங்கள். பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீரை நம்பி இருக்கும் உங்களுக்கு மதகு திறந்தால் என்ன ஆகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

ரத்தக்குழாய் கிழிந்து அடியில் உள்ள கொலாஜன் என்ற நார்ப்புரதம் தெரிந்ததும், அல்லது ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பின் என்ற நொதி வந்து தொட்டதும், உள்ளறையின் பூட்டு திறக்கிறது. அறை காலியாகிறது என்று தெரிந்ததும் வெளிச்சுவரிலும் வாசல் திறந்து, வெளிக் கால்சியம் உள்ளே பாய்கிறது. சில நொடிகளில் உள்ளே அயனி அளவு பத்து மடங்குக்கும் மேலே போகிறது. சோடியமும் உள்ளே வருகிறது, அதற்கு மாற்றாக அமிலத்தன்மை வெளியேறுகிறது. மெக்னீசியம் மட்டும் கால்சியத்தோடு போட்டியிட்டு வேகத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும்.

கால்சியம் ஏறியதும் மூன்று வேலைகள் நடக்கின்றன. வட்டாக இருந்த அணு முள்முள்ளாகக் கைகளை நீட்டுகிறது. உள்ளே சேமித்து வைத்த சிறு பைகள் சுவரோடு இணைந்து சரக்கை வெளியே கொட்டுகின்றன. இதைத்தான் மகனின் பாடப் புத்தகம் சுரத்தல் என்று சொல்லும். அடர்துகள்கள் எனப்படும் பைகளிலிருந்து ஏடிபி (ADP), செரோடோனின் என்ற வேதிப்பொருள்கள், கூடவே கால்சியமும் கொட்டுகிறது. அந்த ஏடிபி பக்கத்துத் தட்டணுக்களைத் தட்டி எழுப்பும். இதய நோயாளிகளுக்குத் தரும் குளோபிடோக்ரல் மாத்திரை அடைப்பது ஏடிபி வந்து தட்டும் கதவைத்தான். மூன்றாவது, அணுவின் மேலே மடங்கிக் கிடந்த ஒரு கொக்கி நிமிர்ந்து, ஃபைப்ரினோஜன் என்ற புரதக் கயிற்றைப் பிடிக்கிறது. ஒரே கயிற்றை இரண்டு அணுக்கள் பிடித்தால் அவை சேர்ந்துகொள்ளும். காயம் அடைபடுவது இப்படித்தான். இதில் ஒவ்வொரு படியிலும் கால்சியம் வேண்டும், மகன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

ஆனால் உங்கள் குழாயில் நடந்தது இதுவல்ல. மேலே சொன்ன கொக்கி இரண்டு புரதத் துண்டுகள் சேர்ந்தது. இரண்டையும் உருக்குலையாமல் வைத்திருக்கக் கால்சியம் அயனிகள் உதவுகின்றன. இடிடிஏ அவற்றைப் பிடுங்கியதும் கொக்கியின் வடிவம் மாறி, உடலுக்குள் ஒருபோதும் வெளித்தெரியாத ஒரு பகுதி தலைகாட்டுகிறது. ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு, அந்தப் பகுதியில் போய் ஒட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறது. அது ஒரு கையால் இந்தத் தட்டணுவையும் மறு கையால் அடுத்ததையும் பிடித்துக் கொத்தாக்கிவிடுகிறது. தட்டணுக்கள் இங்கே விழித்து எழுந்து வேலை செய்யவில்லை. தூங்குகிறவர்களை யாரோ கயிற்றால் கட்டிப்போட்டது போல. ஃபைப்ரினோஜன் கயிற்றைப் பிடிக்கக் கால்சியம் வேண்டும், எதிர்ப்பொருள் ஒட்டக் கால்சியம் போக வேண்டும். பாடத்தில் இருப்பது முதலாவது, குழாயில் நடந்தது இரண்டாவது. இந்த ஒட்டுதல் 1969லேயே மருத்துவ இதழில் பதிவானது.

உங்கள் உடலுக்குள் இடிடிஏ கிடையாது. ஆகவே அந்தப் பகுதி உள்ளே வெளித்தெரிவதும் இல்லை, அணுக்கள் ஒட்டுவதும் இல்லை. இதனால் ரத்தக்கசிவோ அடைப்போ வராது. இரண்டு பிரசவம், ஒரு கடைவாய்ப் பல் பிடுங்கியது, எதிலும் ரத்தம் நிற்காமல் போகவில்லை என்று ஆறாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அந்த வரி மூன்று அறிக்கைகளையும் விட மதிப்புள்ளது.

பொட்டாசியம், கால்சியம், இளநீர்

இதில் நான் ஊகிக்கத்தான் முடியும். ஊதாக் குழாயில் பூசியிருப்பது இடிடிஏவின் பொட்டாசிய உப்பு. ரத்தம் எடுப்பவர் வரிசை மாற்றி ஊதாவை முதலில் நிரப்பிவிட்டாலோ, இன்னும் மோசமாக, ஊதாவிலிருந்து கொஞ்சம் மற்றக் குழாயில் ஊற்றிச் சரிக்கட்டினாலோ, அந்த உப்பு ரசாயனப் பரிசோதனைக் குழாய்க்குள் போய்விடும். பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியம் பொய்யாக இறங்கும். இரண்டும் ஒரே தாளில் ஒன்றாக வந்து, மறு பரிசோதனையில் இரண்டும் ஒன்றாகவே சரியானது என்றால் என் சந்தேகம் அங்கேதான் போகிறது. வெயிலில் வெகுநேரம் கிடந்த ரத்தத்தில் சிவப்பணுவிலிருந்து பொட்டாசியம் கசிவதும் உண்டு, ஆனால் அது கால்சியத்தை இப்படி இறக்காது.

ஒன்றை மட்டும் இங்கே கண்டிப்பாகச் சொல்கிறேன். பொட்டாசியம் 6.3 என்று தாள் வந்தால் அது பொய்யாகத்தான் இருக்கும் என்று வீட்டில் யாரும் தீர்ப்பு எழுதக் கூடாது. உண்மையாக இருந்தால் இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடியது அது. அன்றே ஈசிஜி எடுத்து, ரத்தத்தையும் மீண்டும் பார்க்க வேண்டும். உங்களுக்கு இரண்டு வாரம் இளநீரை நிறுத்தியதோடு விட்டார்கள், ஈசிஜி எடுக்கவில்லை. கேட்கவே பயமாக இருக்கிறது. கோவை அறிக்கையில் பொட்டாசியம் 4.4, சிறுநீரகமும் நன்றாக இருக்கிறது. தோப்பை வைத்துக்கொண்டு இளநீரை ஏக்கத்தோடு பார்க்கத் தேவையில்லை.

கால்சியம் மாத்திரை போட்டால் தட்டணு ஏறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறாது. ரத்தம் கெட்டியாகிவிடுமோ என்ற நாத்தனாரின் பயமும் வேண்டாம். நீங்கள் ராகிக் களி சாப்பிட்டாலும் பட்டினி கிடந்தாலும், ரத்தத்தில் உள்ள கால்சியம் அயனியின் அளவை பாராதைராய்டு சுரப்பி ஒரு சிறிய எல்லைக்குள் வைத்திருக்கும், குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். உங்கள் கால்சியம் 9.2. இரட்டை மாத்திரைக்குக் காரணமாக இருந்த 7.1 பொய் என்றால் மாத்திரைக்கும் காரணம் போய்விட்டது. மருத்துவரிடம் சொல்லி நிறுத்துங்கள். நீங்கள் போடும் அம்லோடிபின் "கால்சியத்தைத் தடுக்கும் மாத்திரை" என்று மருந்துக் கடையில் சொன்னதைக் கேட்டு அதையும் சந்தேகித்திருக்கிறீர்கள். அது ரத்தக்குழாய்த் தசையில் உள்ள வேறு வகைக் கால்சிய வாசலை அடைப்பது. தட்டணு முக்கியமாகப் பயன்படுத்தும் வாசல் அதுவல்ல. ரத்த அழுத்த மாத்திரையை விடாதீர்கள், அறுவை சிகிச்சை நாளன்று எப்படி எடுப்பது என்று மயக்க மருத்துவர் சொல்வார்.

இப்போது உங்கள் முன்னால் உள்ளவை

ஸ்டீராய்டு வேண்டாம். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்கிறீர்கள். இல்லாத நோய்க்கு ஸ்டீராய்டு எடுத்துச் சர்க்கரையை ஏற்றிக்கொண்டு, புண் ஆறும் திறனையும் குறைத்துக்கொண்டு அறுவைக்குப் போவது நல்ல வியாபாரமல்ல. எழுதிக் கொடுத்தவரைத் திட்ட நான் தயாரில்லை. அவர் கையில் இருந்தது 41,000 என்ற தாள் மட்டும். ஆனால் மருந்துக்கு முன் ரத்தப் பூச்சு ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். அவரிடம் கோவை அறிக்கையைக் காட்டிவிடுங்கள், அடுத்து வருகிறவருக்காவது உதவும். ஒரு மருத்துவமனை நான்கு யூனிட் தட்டணு ஏற்பாடு செய்யச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அதுவும் இப்போதைக்குத் தேவையில்லாதது. எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையும் அப்படியே. பப்பாளி இலைச் சாற்றைப் பற்றி நீளமாக எழுத விருப்பமில்லை. குறையாத எண்ணிக்கையை அது எப்படி ஏற்றும்?

அறுவையைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டால், தள்ளிப்போடுவதில்தான் எனக்கு அதிக பயம். இரண்டு முறை வலி கொடுத்த கல் மூன்றாம் முறை பித்தநாளத்தை அடைத்தால் மஞ்சள் காமாலை, கணைய அழற்சி என்று போகும். அப்போது எல்லைக்கு எந்தப் பக்கம் போவது என்று யோசிக்க நேரம் இருக்காது.

ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு போகச் சொல்லவில்லை. அரிதாக, உண்மையான குறைவும் இந்தப் பொய்க் குறைவும் ஒருவரிடமே சேர்ந்து இருப்பதுண்டு. சிலருக்குச் சிட்ரேட்டிலும் அணுக்கள் ஒட்டும். ஆகவே அறுவைக்கு முந்தைய நாள் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: நீலக் குழாயில் எடுத்து உடனே எண்ணிய கணக்கு, அதே நேரத்தில் விரலில் குத்தி இடிடிஏ கலக்காமல் நேரடியாகத் தகட்டில் இழுத்த பூச்சு, அதை நோயியல் மருத்துவர் கண்ணால் பார்த்து எழுதிய ஒரு வரி. மூன்றும் ஒத்துப்போனால் அறுவைக்குச் செல்லலாம்.

சந்தேகம் இருந்தால் அறிக்கைகளின் நகலைக் கேளுங்கள். மருத்துவப் பதிவுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. சண்டை போட வேண்டியதில்லை, எழுதிக் கொடுத்துக் கேட்டால் போதும். இயந்திரச் சீட்டு, திருத்திய எண்ணிக்கை இரண்டையும் சேர்த்து வாங்குங்கள். கேரள அரசு காப்பீட்டு அட்டை கோவையில் செல்லுமா என்பதைச் சேருவதற்கு முன்பே அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள், சேர்ந்த பிறகு அல்ல.

"இடிடிஏ குழாயில் தட்டணு ஒட்டும், சிட்ரேட் குழாயில் பார்க்கவும்" என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, ஆதார் அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். இந்த இயல்பு பலருக்கு ஆண்டுக்கணக்கில் கூடவே இருக்கும். நாளை டெங்கு காய்ச்சல் என்று எந்த மருத்துவமனையில் படுத்தாலும் முதலில் எடுப்பது ஊதாக் குழாய்தான், அந்தச் சீட்டு இல்லாவிட்டால் இந்தக் கதை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பிள்ளைகளுக்கு இதற்காகப் பரிசோதனை எதுவும் வேண்டாம்.

பூச்சு பார்க்கும் நாளில் மகனையும் அழைத்துப் போங்கள். நோயியல் மருத்துவர் நல்ல மனநிலையில் இருந்தால் நுண்ணோக்கியில் ஒருமுறை பார்க்க விடுவார். ஊதாக் குழாய் ரத்தத்தின் பூச்சில், இறகு போல மெலிந்து முடியும் ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். காணாமல்போன ஒன்றரை லட்சமும் அங்கே கொத்துக் கொத்தாக நிற்கும்.